மஞ்சள் சட்டையும் கூலிக்காரரும்

யூலை மாதம் வந்தால் நாங்கள் நித்திரையைக் குறைத்துக் கொள்கிறோம். வரலாறு படிக்கவென்று பல்கலைக்கழகம் போய்ப் பாதியில் விட்டுவிட்டு வந்து, செவன் கிங்சில் கடைகளுக்கு மேலே அறையெடுத்து, ரெஸ்ரோறண்ட் குசினிகளில் நிற்பவர்கள் நாங்கள். மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் நடுவில் கிடைக்கும் இரண்டு மணித்தியாலத்தில் ரூர் டு பிரான்ஸ் சைக்கிள் ஓட்டத்தைப் பார்ப்போம். மிச்சத்தை நடுச்சாமத்தில் பார்ப்போம். கிரிக்கெற் இருக்க இதென்ன வெள்ளைக்காரனின் விளையாட்டு என்று எங்கள் ஆட்களே கேட்கிறார்கள். அவர்களுக்கான பதில்தான் இது.

இந்த ஓட்டம் ஓர் இனத்துவேசச் சண்டையின் பக்கவிளைவு. யூதரான படை அதிகாரி அல்பிரட் டிறைபஸ் 1894 இல் பொய்க்குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட, பிரான்ஸ் இரண்டாகப் பிளந்தது. 'லு வெலோ' என்ற விளையாட்டுப் பத்திரிகையின் ஆசிரியர் டிறைபசின் பக்கம் நின்றார். அதற்கு விளம்பரம் கொடுத்துவந்த முதலாளிகள் சிலர் எதிர்ப்பக்கம். அவர்கள் கோபித்துக்கொண்டு 1900 இல் ஹென்றி டெகிறாஞ்சை ஆசிரியராக வைத்து இன்னொரு பத்திரிகை தொடங்கினார்கள். பின்னர் 'லோத்தோ' எனப் பெயர்பெற்ற அந்தப் பத்திரிகையின் விற்பனையைக் கூட்டவே 1903 இல் ஓட்டம் உருவானது. பத்திரிகை மஞ்சள் தாளில் அச்சானது. முன்னணியில் இருப்பவருக்கு 1919 முதல் மஞ்சள் சட்டை கொடுக்கப்படுவதும் அதனாற்றான் என்பர்.

1903 யூலை 1 ஆந் திகதி பாரிசுக்கு வெளியே 60 பேர் புறப்பட்டார்கள். ஆறு கட்டங்கள், 2,428 கிலோமீற்றர். முடித்தவர்கள் 21 பேர். வென்ற மொறிஸ் கரன் இத்தாலிய மலைக்கிராமத்தில் பிறந்து, புகைபோக்கி துடைக்கும் தொழில் செய்தவர். பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது 1901 இல். இரண்டாவதாக வந்தவரை அவர் ஏறத்தாழ மூன்று மணித்தியாலத்தால் முந்தினார். அந்த இடைவெளியை இன்றுவரை ஒருவரும் எட்டவில்லை. 1909 இல் வென்ற பிரான்சுவா பாபர் லக்சம்பேர்க் பிரஜை. மூட்டை தூக்கிப் பிழைத்தவர். பிரான்சின் அந்நியர் படையில் சேர்ந்து 1915 இல் போர்முனையில் இறந்தார். 1956 இல் வென்ற றொஜே வல்கோவியாக் போலந்துக் குடியேறி ஒருவரின் மகன். ஒரு கட்டத்திலும் முதலாவதாக வராமல், மொத்த நேரக் கணக்கினால் வென்றவர். அதற்காகவே அவரை ஏளனம் செய்தார்கள். ஓட்டத்தை விட்ட பின்னர் அவர் மறுபடி தொழிற்சாலை வேலைக்கே போனார்.

நேரக் கணக்கு என்பதுதான் இவ்விளையாட்டின் உயிர். மூன்று கிழமையும் ஒவ்வொரு நாளும் எடுத்த நேரத்தைக் கூட்டி, ஆகக் குறைந்தவர் வெல்கிறார். ஒருநாள் வெற்றி போதாது. ஒருநாள் தோல்வியால் எல்லாம் முடிந்தும்விடாது. ஆனால் குறித்த நேரத்துக்குள் வந்து சேராதவர் மறுநாள் ஓடமுடியாது.

பண்ணைப் பாலத்தில் கச்சான் காற்றுக்கு எதிரே சைக்கிள் மிதித்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும்: முன்னால் போகிறவன் காற்றை வாங்க, பின்னால் வருகிறவன் களைப்பில்லாமல் வருவான். ரூர் டு பிரான்சில் இதுவே ஒரு தொழிற்பிரிவினை. தலைவனுக்காகக் காற்றை வாங்குவதற்கும், பின்னே வரும் காருக்குப் போய்ச் சட்டைக்குள் தண்ணீர்ப் போத்தல்களைத் திணித்துக்கொண்டு திரும்பி வருவதற்கும், தன் சில்லைக் கழற்றிக் கொடுப்பதற்கும் ஆட்கள் உண்டு. இவர்களைப் பிரெஞ்சில் 'டொமெஸ்ரிக்', அதாவது வீட்டு வேலைக்காரன் என்பார்கள். 1911 இல் மொறிஸ் புறொக்கோ என்பவர் காசுக்காக மற்றவருக்கு உதவினார் என்று டெகிறாஞ் அவரை இழித்துச் சொன்ன சொல் அது. வசையே பதவியின் பெயராகிவிட்டது. குசினியில் கோப்பை கழுவுகிறவனுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

டெகிறாஞ் நடத்திய இன்னொரு இடமும் உண்டு: பாரிசின் குளிர்கால சைக்கிள் அரங்கு. 1942 யூலை 16, 17 ஆந் திகதிகளில் பிரெஞ்சுப் பொலிசார் 13,000 க்கும் மேற்பட்ட யூதர்களைப் பிடித்தனர். பெரும்பாலானோர் போலந்து முதலிய நாடுகளிலிருந்து தஞ்சம் தேடி வந்தவர்கள். அவர்களில் பல்லாயிரம் பேரை, குழந்தைகளோடு, அந்த அரங்கில் அடைத்து, பின்னர் அவுஷ்விற்சுக்கு அனுப்பினர். டெகிறாஞ் 1940 இலேயே இறந்துவிட்டார். அரங்கு 1959 இல் இடிக்கப்பட்டது. பிரெஞ்சு அரசின் பொறுப்பை ஜனாதிபதி ஜாக் சிராக் வெளிப்படையாக ஏற்றது 1995 இல். யூலை என்றதும் 1983 நினைவுக்கு வரும் எங்களுக்கு, இந்த யூலையும் தெரிந்திருக்க வேண்டும். ஆட்களைக் கூட்டிக் கைதட்ட வைக்கிற அதே இடத்தில் ஆட்களை அடைத்தும் வைக்கலாம்.

2014 யூலை 7 ஆந் திகதி இந்த ஓட்டம் எங்கள் வாசலுக்கே வந்தது. கேம்பிறிச்சிலிருந்து இலண்டனுக்கு 155 கிலோமீற்றர். எப்பிங் காட்டு வீதியோரத்தில் காத்து நின்றோம். முதலில் விளம்பர வண்டிகள், பிறகு பொலிஸ் மோட்டார் சைக்கிள்கள், பிறகு ஒரு காற்று. ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் போய்விட்டது. அன்று வென்ற மார்செல் கிற்றலை எங்களால் அடையாளங்காண முடியவில்லை. ஆனால் கூட்டத்தின் கடைசியில் முதுகு புடைக்கப் போத்தல்களோடு மிதித்துப்போன ஒருவனை எல்லோரும் கண்டோம்.

சைக்கிள் எங்களுக்கு வெள்ளைக்காரனின் பொருளல்ல. 1990 இல் யுத்தம் மறுபடி தொடங்கி எரிபொருள் தடை வந்தபின், யாழ்ப்பாணம் சைக்கிளில்தான் உயிர் வாழ்ந்தது. நெல்லும் விறகும் நோயாளியும் கரியலிற் போனார்கள். டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டோம். 1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி வலிகாமம் இரவோடிரவாகப் புறப்பட்டபோது எங்களிற் சிலர் சைக்கிள் பாரில் உட்கார்ந்திருந்த குழந்தைகள். சனநெரிசலில் மிதிக்க இடமில்லாமல் ஐயாமார் உருட்டிக்கொண்டே நடந்தார்கள்.

2024 இல் எரித்திரியரான பினியம் கிர்மாய் மூன்று கட்டங்களை வென்று பச்சைச் சட்டையும் பெற்றார். இவ்வோட்டத்தில் ஒரு கட்டத்தை வென்ற முதல் கறுப்பின ஆபிரிக்கர் அவர். முடிவில்லாத கட்டாயப் படைச்சேவைக்குத் தப்பி இளைஞர்கள் ஓடிவரும் நாடு எரித்திரியா. எங்களோடு வேலை செய்யும் எரித்திரியப் பையன் அன்று அழுதான். மெயின் கோர்ஸ் தாமதமாகிறது என்று சத்தம் போட்டவரும் பிறகு அவனைக் கட்டிப்பிடித்தார்.

மஞ்சள் சட்டை போட்டவர்களின் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. காற்றை வாங்கினவர்களின் பெயர்களை யாரும் தேடித்தான் எழுத வேண்டும். வலிகாமத்திலிருந்து குடும்பத்தை ஒரு சைக்கிளில் ஏற்றி உருட்டி வந்தவர்கள் இன்று முதியவர்கள். அவர்களிடம் கேட்டு எழுதிவைக்க எங்களுக்கும் ஒரு நேரக் கணக்கு இருக்கிறது.