ஃபா தோ சோல்: உழை குரல் இளி

பிரெஞ்சு முறையில் பியானோ பயிலும் புதுச்சேரிப் பிள்ளைகள் 'ஃபா, தோ, சோல், ரே, லா, மி, சி' என ஒப்பிக்க வேண்டியிருக்கும். சுரத்தை உயர்த்தும் 'தியேஸ்' குறிகள் இவ்வரிசையில்தான் ஒவ்வொன்றாகச் சேரும். தாழ்த்தும் 'பெமோல்' குறிகளுக்கு இதனைத் தலைகீழாகச் சொன்னால் போதும். ஒவ்வொரு சுரமும் முன்னதற்கு ஐந்தாவது.

சிலப்பதிகாரத்தின் பழைய உரையில் நரம்புகளின் பிறப்புரைக்கும் சூத்திரம் ஒன்று மேற்கோளாக வருகிறது. தாரத்தில் உழை பிறக்கும். உழையில் குரல், குரலில் இளி, இளியில் துத்தம், துத்தத்தில் விளரி, விளரியில் கைக்கிளை என்பது அதன் கருத்து. முதுகலை வகுப்பில் இதை வெறும் பெயரடுக்காக எண்ணிக் கடந்துபோனோம். குரலைச் சட்சமாக, அதாவது 'தோ'வாக, வைத்துப் பாருங்கள்: சி, ஃபா, தோ, சோல், ரே, லா, மி. பிரெஞ்சுப் பாடத்தில் இறுதியில் நிற்கும் 'சி' இங்கே முதலில் நிற்கிறது. அதுவும் அரைச்சுரம் தாழ்ந்த 'சி', நம் கைசிகி நிஷாதம். மற்றபடி வரிசை ஒன்றே.

அங்கே அது குறிகளை நினைவில் வைக்கும் வாய்பாடு. இங்கோ சுரங்கள் பிறக்கும் முறை. ஒரு நரம்புக்கு இளியாக அடுத்ததைச் சுருதி கூட்டிக்கொண்டே போகலாம்.

உ.வே.சா. உரையுடன் சிலம்பைப் பதிப்பித்தது 1892இல். ஆபிரகாம் பண்டிதரின் 'கருணாமிர்த சாகரம்' 1917இல் வந்தது, விபுலாநந்தரின் 'யாழ் நூல்' 1947இல். பின்னிரண்டையும் நான் புரட்டியது, வகுப்பெடுக்கத் தொடங்கிப் பல்லாண்டுகள் கழித்துத்தான்.