நடைப்பிணத்தின் ஆன்மா: ஒரு விளையாட்டின் விதிகளில் சாவு

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் பாத்திரமேற்று ஆடும் ஆட்டத்தைக் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் வெளியிட்டபோதே செத்தும் சாகாதவற்றுக்கு அதில் ஒரு படிவரிசை இருந்தது. எலும்புக்கூடும் ஸோம்பியும் அடிமட்டத்தில், அவற்றுக்கு மேல் கூல், வைட், ரெய்த், மம்மி, ஸ்பெக்டர், உச்சியில் வேம்பயர். இவற்றை விரட்டும் மதகுரு என்ற பாத்திரம் பிறந்ததே ஒரு வேம்பயரால்தான். ஆர்னெசன் முன்பு நடத்திய பிளாக்மூர் ஆட்டத்தில் ‘சர் ஃபேங்’ என்னும் வேம்பயரின் கொட்டத்தை அடக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. ஆன்மாவைப் பற்றிய கொள்கை எதையும் அன்று யாரும் வகுக்கவில்லை.

ஆனால் ஒரு விதி அந்த வேலையைச் செய்தது. வைட் தாக்கினால் பாத்திரம் ஒரு நிலை இறங்கும். வேம்பயர் தாக்கினால் இரண்டு. மாதக்கணக்கில் ஆடிச் சேர்த்த அனுபவம் ஒரு நொடியில் போய்விடும். காயம் ஆறும், செத்தவரைக்கூட மந்திரத்தால் எழுப்பலாம். இழந்த நிலையை மீட்பது அவற்றைவிடக் கடினம். வைட்டிடம் எல்லாவற்றையும் பறிகொடுத்தவர் தாமும் வைட்டாகவே எழுவார். உயிர் என்பது மூச்சோ இரத்தமோ அல்ல, ஒருவர் பட்டும் கற்றும் சேர்த்ததெல்லாம்தான் என்று இந்த விதி சொல்லாமல் சொன்னது. பின்னாளில் வந்த நீண்ட விளக்கங்கள் பலவற்றைவிட இது ஆழமானது. 2008இல் வந்த நான்காம் பதிப்பு இதைக் கைவிட்டது பெரிய இழப்பு.

1975இல் ‘கிரேஹாக்’ துணைநூலில் லிச் அறிமுகமானது. சாவை வெல்வதற்காகத் தானே விரும்பிப் பிணமாகிவிட்ட மந்திரவாதி அது. கார்ட்னர் ஃபாக்ஸின் கோதார் கதைகளிலிருந்து இதை எடுத்ததாகக் கைகாக்ஸ் பின்னர் கூறினார். லிச் தன் ஆன்மாவை ஒரு பேழையில் பூட்டி வைக்கும் என்ற கருத்து அடுத்த சில ஆண்டுகளில் உறுதிப்பட்டது. பேழை உடையாதவரை உடலை அழித்துப் பயனில்லை. உயிரை வெளியே ஒளித்துவைக்கும் கதை மிகப் பழையது. ரஷ்ய நாட்டுக்கதையில் கொஷ்செய் என்பவனின் சாவு ஒரு முட்டைக்குள் இருக்கும் ஊசியில் இருக்கிறது. மேரி ஃப்ரெயர் 1868இல் வெளியிட்ட தக்காணக் கதைத் தொகுப்பில் பஞ்ச்கின் என்ற மந்திரவாதியின் உயிர் ஒரு பச்சைக்கிளியில் இருக்கிறது. ஏழு கடல், ஏழு மலை தாண்டிக் கிளியைத் தேடிப் போகும் கதையைக் கேட்டு வளர்ந்த தமிழ்க் குழந்தைகளுக்கும் இது புதிதல்ல. ஆனால் பஞ்ச்கின் உயிரோடிருப்பவன், லிச் செத்தது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அது பிறர் ஆன்மாக்களைப் பேழைக்கு இரையாக்கினால்தான் நிலைத்திருக்க முடியும். நீடிக்கும் இருப்புக்கு வேறொருவர் விலை கொடுக்கிறார் என்ற கணக்கு அதனால் வெளிப்படையாயிற்று.

1980இல் வந்த ‘டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்’ நூல் மனிதருக்கும் குள்ளருக்கும் ஆன்மா உண்டு, எல்ஃபுகளுக்கும் ஓர்க்குகளுக்கும் இருப்பது வேறுவகை ஆவி என்று பிரித்தது. செத்தவரை எழுப்பும் சாதாரண மந்திரம் எல்ஃபுகளிடம் பலிக்காது என்ற முந்தைய விதிக்குக் காரணம் கற்பிக்கவே இந்தப் பிரிவினை பயன்பட்டது. கொள்கை விதிக்குப் பின்னால் வந்தது.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பு இன்னும் கறாரானது. ஆன்மா விரும்பினால்தான் திரும்பிவரும். பிணத்தோடு பேசும் மந்திரம் ஆன்மாவைத் தொடுவதே இல்லை. உடலில் பதிந்திருக்கும் அறிவை மட்டும் எடுக்கிறது. அப்படியானால் ஆன்மா போன உடலை நடக்கவைப்பது ஏன் தீமை? அந்தப் பதிப்பு இதில் தடுமாறியது. புத்தியற்ற எலும்புக்கூட்டை முதலில் நன்மை தீமைக்கு நடுவில் வைத்தது. 2003இல் வந்த திருத்தப் பதிப்பு அதைத் தீயதென்றது. சிந்திக்கவே இயலாத ஒன்றைத் தீயது என்பதற்குப் போதிய நியாயம் அங்கே இல்லை.

இந்த ஆட்டத்துக்காகக் கீத் பேக்கர் உருவாக்கி 2004இல் வெளியான எபெரான் உலகம் இந்தக் கேள்விக்குத் தீர்ப்பு சொல்லாமல் இரு நாடுகளை எதிரெதிரே நிறுத்தியது. ஏரெனால் தீவின் எல்ஃபுகள் தம் முன்னோரில் சிறந்தவர்களைச் சாகாத சபையாக அமர்த்தி வழிபடுகிறார்கள். அவர்களை நிலைநிறுத்துவது சந்ததியாரின் பக்தி. கார்நாத் நாடோ போரில் விழுந்த தன் வீரர்களின் உடல்களை எழுப்பி மீண்டும் அணியில் நிறுத்துகிறது.