விட்மனும் டிக்கின்சனும்: வாசகர் வந்த வழி

பெயர் தெரியாத எழுத்தாளர் தன் நூலைத் தானே எடுத்துச் சொன்னால் வாசகர் வருவார்களா? இதற்கு விடை தேட, ஒரே நாட்டில் ஒரே காலத்தில் எழுதிய இரு கவிகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். வால்ட் விட்மன் (1819–1892) தன்னை முன்னிறுத்த எந்த வழியையும் விட்டுவைக்கவில்லை. எமிலி டிக்கின்சன் (1830–1886) அச்சிலிருந்தே ஒதுங்கி நின்றார். இன்று அமெரிக்கக் கவிதையின் முன்வரிசையில் இருவருக்கும் சமமான இடம்.

1855இல் புரூக்ளினில் விட்மன் ‘லீவ்ஸ் ஆஃப் கிராஸ்’ நூலைச் சொந்தச் செலவில் 795 படிகள் அச்சிட்டார். அதில் 12 கவிதைகள். சில பக்கங்களுக்கு அவரே எழுத்துக் கோத்தார். நூல் விற்கவில்லை. உடனே, பெயர் போடாமல் தன் நூலுக்குத் தானே மதிப்புரைகள் எழுதிப் பத்திரிகைகளில் வரச் செய்தார். அதற்கிடையே, அப்போது புகழ்பெற்றிருந்த எழுத்தாளர் எமர்சனுக்கு ஒரு படி போயிருந்தது. முன்பின் அறியாத அந்தக் கவிஞரை எமர்சன் மனம் திறந்து பாராட்டிக் கடிதம் எழுதினார். அந்தத் தனிக்கடிதம் விட்மனின் இசைவோடு ‘நியூயார்க் டிரிப்யூன்’ நாளிதழில் வெளியாயிற்று. 1856இல் வந்த இரண்டாம் பதிப்பின் முதுகில் எமர்சனின் பாராட்டு வரி, அவர் பெயரோடு பொன்னெழுத்தில் மின்னியது. எமர்சனிடம் அனுமதி கேட்கவில்லை. இத்தனை செய்தும் அந்தப் பதிப்பு முதலதைவிட நன்றாக விற்றுவிடவில்லை.

ஆம்ஹெர்ஸ்டில் தந்தையின் வீட்டில் இருந்தபடி டிக்கின்சன் ஏறத்தாழ 1,800 கவிதைகள் எழுதினார். உயிரோடு இருந்தபோது அச்சானவை பத்து அளவில்தான். அவையும் பெயரில்லாமல் வந்தவை. தாள்களை ஊசிநூலால் தைத்துச் சிறு ஏடுகளாக்கி வைத்துக்கொண்டார். ஆனாலும் அவர் வாசகரே வேண்டாம் என்று இருந்தவர் அல்லர். அண்ணி சூசனுக்கு மட்டும் 250க்கு மேற்பட்ட கவிதைகளை அனுப்பியிருக்கிறார். 1862 ஏப்ரலில், ‘அட்லாண்டிக் மந்த்லி’யில் இளம் எழுத்தாளர்களுக்கான ஒரு கட்டுரையைப் படித்ததும், அதை எழுதிய ஹிக்கின்சனுக்கு நான்கு கவிதைகளை அனுப்பி, இவற்றில் உயிர் இருக்கிறதா என்று கேட்டார். வெளியிடுவதைத் தள்ளிப்போடச் சொன்னார் ஹிக்கின்சன். ஆனால் கடிதத் தொடர்பு நீடித்தது.

இருவரும் ஒன்றுபடும் இடம் இதுதான்: தகுந்த ஒரு வாசகரைத் தேடித் தம் எழுத்தைச் சேர்த்தார்கள். விட்மனின் மறைமுக மதிப்புரைகள் எல்லாம் சேர்ந்து தராத மதிப்பை, விற்பனை கூடாவிட்டாலும், எமர்சனின் ஒரு கடிதம் தந்தது. அடுத்த பெரிய திருப்பமும் இன்னொரு வாசகரால் வந்தது. 1868இல் ஆங்கில விமர்சகர் வில்லியம் ரொசெட்டி லண்டனில் விட்மனின் கவிதைகளைத் தேர்ந்தெடுத்து வெளியிட்டார். 1876இல், தாயகம் தன்னைப் புறக்கணிக்கிறது என்று விட்மன் பெயரில்லாமல் எழுதிய கட்டுரை இங்கிலாந்தை எட்டியபோது, அங்கிருந்த அன்பர்கள் முன்பணம் கட்டி நூல்களை வாங்கினார்கள். 1856இல் பலிக்காத சுயவிளம்பரம் 1876இல் பலித்தது. நடுவில் அவருக்கு உண்மையான வாசகர்கள் சேர்ந்திருந்ததே காரணம்.

டிக்கின்சனுக்கும் அப்படியே. அவர் மறைந்தபின் தங்கை லவினியா ஏடுகளைக் கண்டெடுத்தார். குடும்ப நண்பர் மேபல் லூமிஸ் டாட் கவிதைகளைப் படியெடுத்தார். ஹிக்கின்சனோடு சேர்ந்து பதிப்பித்தார். ஹிக்கின்சன் முன்கூட்டியே கட்டுரை எழுதினார். டாட் ஊர் ஊராகப் பேசினார். 1890 நவம்பரில் 500 படிகளோடு தொடங்கிய நூல் இரண்டு ஆண்டுகளில் 11 முறை அச்சானது. அடக்கமாக இருந்தால் நல்ல எழுத்து தானே வெளிவந்துவிடும் என்பதற்கு டிக்கின்சனைச் சான்று காட்டுகிறவர்கள், இந்த உழைப்பை மறந்துவிடுகிறார்கள். அவருக்கும் விளம்பரம் நடந்தது, செய்தவர்கள் வேறு.

பெரிய வேறுபாடு, நூல் யார் கையில் இருந்தது என்பதில்தான். விட்மன் சாகும்வரை தன் நூலைத் திருத்தி வளர்த்தார். 12 கவிதைகள் சில நூறுகளாயின. டிக்கின்சனின் கவிதைகளுக்குப் பதிப்பாளர்கள் தலைப்புச் சூட்டினார்கள். அவருக்கே உரிய சிறுகோடுகளையும் சொற்களையும் மாற்றினார்கள். 1955இல் தாமஸ் ஜான்சனின் பதிப்பு வரும்வரை அவற்றை முழுமையாக, அவர் எழுதிய வடிவத்தோடு ஒட்டிப் படிக்க முடியவில்லை. ஒதுங்கி இருந்ததற்கு அவர் எழுத்து கொடுத்த விலை இது.

ஆகவே, தன் நூலைப் பற்றிப் பேச எந்த எழுத்தாளரும் கூச வேண்டியதில்லை. ஆனால் தன் குரல் முதல் சில வாசகர்வரைதான் எட்டும். அதற்கப்பால் நூலைக் கொண்டுபோவது படித்தவர்களின் குரல். அதனால் முகமூடி போட்டுத் தன்னைப் புகழ்வதும், பிறர் தனிக்கடிதத்தைக் கேளாமல் விளம்பரமாக்குவதும் வேண்டாம். எமர்சன் கையில் போய்ச் சேர்ந்த அந்த ஒரு படியும், டிக்கின்சன் அனுப்பிய அந்த நான்கு கவிதைகளும் போதுமான முன்மாதிரி. இந்த எழுத்தை யார் உண்மையாகவே படிப்பார் என்று யோசித்து, சொந்தப் பெயரில், அவரிடம் நேராகக் கொடுக்க வேண்டும். படித்துப் பிடித்துப்போனவர்களுக்கும் ஒரு கடமை உண்டு: அதை இன்னொருவரிடம் சொல்ல வேண்டும்.