எழுதிக் கொடுக்கப்பட்ட அன்பு

வாசிக்க: ஓசியா 2:19, 20, மல்கியா 2:14



லெந்து நாட்கள் முடிந்து உயிர்த்தெழுதலின் பண்டிகை கடந்தவுடன் நம் ஆலயத்தில் திருமண ஓலைகள் வாசிக்கப்படும். வீடுகளுக்கு அழைப்பிதழ்களும் வந்து சேரும். நாம் வாழ்வது சிவகாசிச் சீமை. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அச்சிட்டு வளர்ந்த அச்சகங்கள் இன்று நாட்டின் பல மூலைகளுக்கும் காலண்டரும் அழைப்பிதழும் அனுப்புகின்றன. ஆகையால் பொன்னெழுத்தும் பூவேலையும் நமக்குப் புதியவை அல்ல. ஆனால் அந்த அழகிய அட்டையில், மணமகன் தன் மனைவிக்கு எதைக் கடமையாக ஏற்கிறான் என்று ஒரு வரியேனும் உண்டா?

யூத மக்களின் திருமணத்தில் அப்படிப்பட்ட ஒரு பத்திரம் உண்டு. அதற்குக் கெத்துபா என்று பெயர். "எழுதப்பட்டது" என்பது அதன் பொருள். மரபுப்படி அரமேய மொழியில் எழுதி, இரண்டு சாட்சிகள் கையொப்பமிட்டு, திருமணத்தில் வாசித்து, மணமகளிடம் ஒப்படைப்பார்கள். அது அவளுடைய உடைமை. பத்திரம் தொலைந்துபோனால் வேறொன்று எழுதித் தரும்வரை கணவன் அவளோடு வாழலாகாது என்பது யூத ரபிமாரின் சட்டம்.

அதில் என்ன எழுதியிருக்கும்? மனைவிக்கு உணவும் உடையும் தந்து அவளைக் கனப்படுத்துவேன் என்று கணவன் வாக்களிக்கிறான். அவளைத் தள்ளிவிட்டாலோ, தான் மரித்தாலோ, அவளுக்குச் சேரவேண்டிய தொகையையும் குறிப்பிடுகிறான். கன்னிப் பெண்ணுக்கு 200 சூஸ், விதவைக்கு 100 சூஸ் என்பது பழைய அளவு. ஒரு சூஸ் என்பது ஏறக்குறைய ஒரு கூலியாளின் ஒருநாள் கூலி. மத்தேயு 20-ஆம் அதிகாரத்துத் திராட்சத்தோட்டக்காரன் பேசிய கூலியை நினைத்துக்கொள்ளுங்கள். 200 சூஸ் உள்ளவன் ஏழைகளுக்கு விடப்பட்ட கதிர்களைப் பொறுக்கக் கூடாது என்றும் சட்டம் இருந்தது. அப்படியானால், தள்ளப்பட்ட பெண் பிறர் வயலில் கதிர் பொறுக்கும் நிலைக்கு வராதபடி காத்த தொகை இது.

கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில் சிமியோன் பென் ஷேத்தாக் என்னும் போதகர் இச்சட்டத்தை இன்னும் இறுக்கினார். தொகையைத் தனியே எடுத்துவைத்திருந்த காலத்தில், கோபங்கொண்ட கணவன், "உன் பணத்தை எடுத்துக்கொண்டு போ" என்று எளிதாய்ச் சொல்லிவிட முடிந்தது. ஆகவே கணவனின் சொத்து முழுவதும் அந்தக் கடனுக்குப் பிணை என்று அவர் விதித்தார். அதன்பின் அவளை அனுப்பிவிடுவது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை.

இத்தகைய வறண்ட சட்ட வாசகத்தைச் சுற்றித்தான் யூத ஓவியர்கள் மலர்களும் பறவைகளும் வாசல் தூண்களும் வரைந்தார்கள். 17-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் இந்தக் கலை செழித்தது. குடும்பங்கள் போட்டியிட்டுச் செலவழித்ததால், சில ஊர்களில் சமுதாயத் தலைவர்கள் அந்தச் செலவுக்கு வரம்பு கட்ட வேண்டியதாயிற்று! நம் மலைக்கு அப்பால் கொச்சியிலும் இக்கலை இருந்தது. மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயத்தை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். அங்குள்ள யூதப் பெண்கள் நம் பெண்களைப் போலவே தாலி அணிந்தார்கள். அவர்களுடைய மணப்பத்திரங்களும் பூவேலையோடு வண்ணந் தீட்டப்பட்டன. இஸ்ரேல் தேசம் 1948-இல் உருவானபின் அவர்களில் பெரும்பாலோர் அங்கே குடியேறினார்கள்.

அச்சிட்ட படிவங்கள் பரவியபோது கையால் வரையும் வழக்கம் குன்றியது. 1960-களின் இறுதியில் தொடங்கி, டேவிட் மாஸ் போன்ற ஓவியர்கள் அமெரிக்காவில் அதற்கு மறுவாழ்வு கொடுத்தார்கள். இன்று ஓவியர் மணமக்களோடு அமர்ந்து, அவர்கள் பிறந்த ஊர், விரும்பும் மலர், முன்னோரின் நினைவு ஆகியவற்றைக் கேட்டறிந்து, அவர்களுக்கென்றே தீட்டித் தருகிறார். பழைய வாசகத்தை மாற்றி, இருவரும் ஒருவருக்கொருவர் வாக்களிப்பதாக எழுதுவோரும் உண்டு. மரபைக் கைக்கொள்ளுவோரிடத்தில் ஓரத்து ஓவியம் ஜோடிக்கு ஜோடி மாறுகிறது. நடுவிலுள்ள கடமை பெரிதும் மாறுவதில்லை.

பிரியமானவர்களே, இனி நம்மைச் சோதித்துப் பார்ப்போம். கெத்துபாவிலும் பெண் கொண்டுவரும் சீர் குறிக்கப்படும். ஆனால் கணவன் அவளுக்குத் திரும்பச் செலுத்தவேண்டிய கடனாகவே அது எழுதப்படும். நம்மிடையே நடப்பது என்ன? 1961-ஆம் ஆண்டிலேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது. ஆயினும் இன்னும் எத்தனை வீடுகளில் கூடத்தில் ஜெபம் நடக்க, உள்ளறையில் சவரன் கணக்கு பேசப்படுகிறது! தீப்பெட்டி ஒட்டியும் பட்டாசுத் திரி முடைந்தும் ஒரு தாய் சேர்த்த பணம் கைமாறுகிறது. அதற்குத் தாளும் இல்லை, சாட்சியும் இல்லை. அந்த மகள் கண்ணீரோடு திரும்பி வந்தால் அவள் கையில் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. மல்கியா தீர்க்கதரிசி மனைவியை உடன்படிக்கையின் மனைவி என்று அழைத்ததை நாம் மறந்துவிட்டோமோ?

செபார்திய யூதர் சிலரிடம் ஓர் அருமையான வழக்கம் உண்டு. நியாயப்பிரமாணம் அருளப்பட்ட பண்டிகையில், தேவனுக்கும் இஸ்ரவேலுக்கும் நடந்த திருமணத்தின் பத்திரமாக ஒரு கெத்துபாவை வாசிப்பார்கள். அதன் புகழ்பெற்ற வடிவத்தை 16-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் இஸ்ரவேல் நஜாரா இயற்றினார். கர்த்தர் தம்முடைய அன்பை உணர்ச்சியாக மட்டும் வைத்திராமல், உடன்படிக்கையாகத் தந்து தம்மைக் கடன்பட்டவராக்கினார் என்பது அதன் உட்கருத்து. ஓசியாவும் அதையே கண்டார். நாமோ சிலுவையில் அதன் நிறைவைக் காண்கிறோம்: மணவாளன் தமக்குள்ளது அனைத்தையும் தம் மணவாட்டிக்குப் பிணையாகக் கொடுத்துவிட்டார்.

இவ்வாரம் மகனுக்குப் பெண் பார்க்கும் பெற்றோரே, "என்ன போடுவீர்கள்?" என்று கேட்பதற்கு முன், "எங்கள் மகன் உங்கள் மகளுக்கு என்ன கடமைப்படுவான்?" என்று சொல்லத் துணியுங்கள். திருமணமானவர்களே, பீடத்தின் முன் நீங்கள் சொன்ன வாக்கை இன்றிரவு இருவருமாய் ஒரு தாளில் எழுதி, வேதாகமத்துக்குள் வையுங்கள். வண்ணம் தீட்டத் தெரியாவிட்டாலும் குறையில்லை.

ஜெபம்: உடன்படிக்கையைக் காக்கிற தேவனே, எங்கள் இல்லங்களில் பொன்னைத் தேடாமல் உண்மையைத் தேட எங்களுக்குக் கிருபை தாரும். கண்ணீரோடு தாய்வீட்டில் இருக்கும் மகள்களை நினைத்தருளும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.