வெப்கேம் பாதுகாப்பு

வெப்கேம் பாதுகாப்பு என்பது மடிக்கணினி, மேசைக்கணினி, கைப்பேசி ஆகியவற்றில் உள்ள கேமராவையும் மைக்கையும் உரிமையாளர் அறியாமல் வேறொருவர் இயக்காதபடி காக்கும் வழிமுறைகளைக் குறிக்கும். கேமரா வழியாக யாரும் கணினிக்குள் நுழைவதில்லை. நுழைவது ஒரு மின்னஞ்சல் இணைப்பாகவோ திருட்டு மென்பொருளாகவோ இருக்கும். கேமரா இயக்கப்படும் நேரத்தில் கோப்புகளும் கடவுச்சொற்களும் பெரும்பாலும் ஏற்கெனவே கைமாறியிருக்கும்.

பின்னணி

முதல் வெப்கேம் 1991-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் ஒரு காபிப் பாத்திரத்தை நோக்கி வைக்கப்பட்டது. காபி தீர்ந்துவிட்டதா என்று இருக்கையில் இருந்தபடியே பார்ப்பதற்கான ஏற்பாடு அது. 1993-ல் அந்தப் படம் இணையத்துக்கு வந்தது. ஒளிவுமறைவு ஏதுமில்லாத காட்சி என்பதால் பாதுகாப்பைப் பற்றி அன்று யாருக்கும் கவலை இருந்திருக்காது.

தமிழ்நாட்டில் கேமரா பொருத்திய மடிக்கணினி சாதாரண வீடுகளுக்குள் பெருமளவில் நுழைந்ததில் அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்துக்குப் பெரிய பங்குண்டு. முன்னாள் முதல்வர் அண்ணாவின் பிறந்த நாளான செப்டம்பர் 15 அன்று, 2011-ல் அத்திட்டம் தொடங்கப்பட்டது. 2020-ல் கொரோனா ஊரடங்கு வகுப்புகளை வீட்டுக்குள் கொண்டுவந்தபோது கேமரா அன்றாடக் கருவியாயிற்று. நிகர்நிலைப் பல்கலைக்கழகமான ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி விஸ்வ மகாவித்யாலயம் இருக்கும் ஏனாத்தூரைப் போன்ற கல்லூரி ஊர்களில், விடுதி அறையில் படிப்பு, படம், வீட்டாரோடு பேச்சு எல்லாம் ஒரே மடிக்கணினியில்தான். அறையில் உடை மாற்றும்போதும் அது திறந்தே கிடக்கும். பக்கத்துக் காஞ்சிபுரத்திலோ பட்டுக் கடைகள் வீடியோ அழைப்பில் சேலை விரித்துக் காட்டி வெளியூருக்கு விற்கின்றன. அங்கே கேமரா இருப்பது கணக்கும் வாடிக்கையாளர் விவரமும் உள்ள அதே கருவியில்.

ஊடுருவும் முறை

தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் ட்ரோஜன் வகை நிரலைச் சுருக்கமாக ‘ராட்’ என்கிறார்கள். அது உள்ளே வந்துவிட்டால் விசைப்பலகையில் தட்டுவதைப் பதிவு செய்யலாம், திரையைப் படம் பிடிக்கலாம், கோப்பை எடுக்கலாம், புதிய கோப்பை வைக்கலாம், கேமராவையும் மைக்கையும் இயக்கலாம். இதற்குப் பெரிய திறமைகூடத் தேவையில்லை. ‘பிளாக்‌ஷேட்ஸ்’ என்ற ராட் 40 டாலருக்கு விற்கப்பட்டது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைத் தொற்றிய அதன் மீது 2014 மே மாதம் பல நாட்டுக் காவல் துறையினர் சேர்ந்து நடவடிக்கை எடுத்தபோது, 90-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்க இளம் அழகிப் பட்டம் வென்ற கேசிடி வுல்ஃபை அவருடைய அறையிலேயே வெப்கேம் வழியாகப் படம் பிடித்து மிரட்டியவர், அவரோடு ஒரே பள்ளியில் படித்த இளைஞர். முகம் தெரியாத அந்நியன்தான் இதைச் செய்வான் என்ற எண்ணத்துக்கு அந்த வழக்கு இடம் தரவில்லை.

நம் நாட்டில் ராட் நுழைய மிகவும் வசதியான வாசல், காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளும் ‘கிராக்’ செய்த மென்பொருள். அதை நிறுவும் வழிமுறையே ‘முதலில் ஆன்டிவைரஸை நிறுத்துங்கள்’ என்றுதான் தொடங்கும். சேலை வடிவமைப்புக்குப் படத்தொகுப்பு மென்பொருளை நாடும் சிறு கடைக்காரருக்கும் புராஜெக்ட் முடிக்க வேண்டிய மாணவருக்கும் ஆபத்து ஒன்றுதான்.

தரம்சாலா: கோஸ்ட்நெட்

இந்தியாவில் நடந்து, ஆய்வாளர்களால் முழுதாகத் துருவி ஆராயப்பட்ட நிகழ்வு ‘கோஸ்ட்நெட்’ என்ற உளவு வேலை. தரம்சாலாவிலுள்ள தலாய் லாமா அலுவலகம் வெளிநாட்டுத் தூதர் ஒருவருக்கு மின்னஞ்சலில் அழைப்பு அனுப்பியது. சந்திக்க வேண்டாம் என்று சீனத் தரப்பிலிருந்து அந்தத் தூதருக்கு உடனே எச்சரிக்கை போயிற்று. மின்னஞ்சலை யாரோ படிக்கிறார்கள் என்ற சந்தேகம் வலுத்தது. ஷிஷிர் நாகராஜா, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ராஸ் ஆண்டர்சன் ஆகியோர் ஒருபுறமும், டொரன்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் இணைந்து நடத்திய ஆய்வுக் குழு மறுபுறமும் இதைத் தோண்டினார்கள். இரு அறிக்கைகளும் 2009 மார்ச் இறுதியில் வெளியாயின.

103 நாடுகளில் 1,295 கணினிகள் தொற்றுக்கு ஆளாகியிருந்தன. அவற்றில் ஏறக்குறைய 30 சதவீதம் வெளியுறவு அமைச்சகங்கள், தூதரகங்கள், பன்னாட்டு அமைப்புகள், செய்தி நிறுவனங்கள் போன்ற முக்கிய இடங்களைச் சேர்ந்தவை. இந்தியத் தூதரகக் கணினிகளும் பட்டியலில் இருந்தன. ‘கோஸ்ட் ராட்’ என்ற நிரலால் தொற்றிய கணினியின் கேமராவையும் மைக்கையும் எங்கோ இருந்தபடி சத்தமில்லாமல் இயக்க முடிந்தது. கட்டுப்பாட்டுக் கணினிகளில் பெரும்பாலானவை சீனாவில் இருந்தன. சீன அரசு தொடர்பை மறுத்தது. டொரன்டோ அறிக்கையும் அரசின் கை இருந்தது என்று அறுதியிட்டுச் சொல்லவில்லை.

தொற்று வந்த வழிதான் கவனிக்க வேண்டியது. அறிமுகமானவர் அனுப்பியது போன்ற மின்னஞ்சல், அதில் திபெத் விடுதலை இயக்கம் சார்ந்த ஒரு வேர்டு கோப்பு. பெறுபவர் எதைத் திறப்பாரோ அதைத் தெரிந்து தயாரித்திருந்தார்கள். ஆய்வாளர்கள் அந்தக் கோப்பை 34 ஆன்டிவைரஸ் நிரல்களில் சோதித்தபோது 11 மட்டுமே கண்டுபிடித்தன. ‘ஆன்டிவைரஸ் போட்டிருக்கிறேனே’ என்று நிம்மதியாக இருப்பவர்கள் இந்த எண்ணிக்கையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ராட் கையில் இருந்தால் கேமராவைவிடப் பெரிய கேடும் செய்யலாம் என்பதற்குத் தமிழர் ஒருவரின் வழக்கே உண்டு. திருச்சி மாவட்டத்தில் பிறந்த பாதிரியார் ஸ்டான் சுவாமி, பீமா கோரேகான் வழக்கில் சிறைவைக்கப்பட்டு 2021 ஜூலை 5 அன்று மும்பையில் இறந்தார். அவருடைய கணினியில் ‘நெட்வயர்’ என்ற ராட் மூலம் ஆவணங்கள் வெளியிலிருந்து வைக்கப்பட்டன என்று அமெரிக்காவின் ஆர்செனல் தடயவியல் நிறுவனம் 2022 டிசம்பரில் அறிக்கை தந்தது. இந்த நிறுவனத்தின் முடிவுகளைத் தேசியப் புலனாய்வு முகமை ஏற்கவில்லை.

விளக்கும் மூடியும்

கேமரா இயங்கினால் அருகிலுள்ள சிறு விளக்கு எரியும் என்பது பொதுவான நம்பிக்கை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் மேத்யூ பிராக்கர், ஸ்டீஃபன் செக்கோவே இருவரும் 2008-க்கு முந்தைய ஆப்பிள் கணினிகளில் விளக்கு எரியாமலே கேமராவை இயக்கிக் காட்டினார்கள். புதிய கணினிகளில் விளக்கும் கேமராவும் பெரும்பாலும் ஒரே மின்னிணைப்பில் இருப்பதால் இது கடினம். ஆனாலும் நொடிப்பொழுது மின்னி மறையும் விளக்கை யார் கவனிக்கிறார்கள்?

மூடிவைப்பது எளிய, உறுதியான தடுப்பு. ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் சக்கர்பெர்க்கின் மடிக்கணினியில் கேமரா மீது ஒட்டுநாடா இருந்தது 2016-ல் வெளியான ஒரு படத்தில் தெரிந்து உலகமே பேசியது. கடையில் விற்கும் தடித்த நகரும் மூடிகள் வேண்டாம். அவற்றோடு மடிக்கணினியை மூடினால் திரை உடையக்கூடும் என்று ஆப்பிள் 2020-ல் எச்சரித்தது. ஒரு ஸ்டிக்கர் பொட்டுப் போதும். ஆனால் பொட்டு கண்ணைத்தான் மறைக்கும், காதை அல்ல. மைக் திறந்தே இருக்கிறது. அறையில் பேசுவது முழுவதும் போகும். அமைப்புகளில் ‘தனியுரிமை’ பகுதிக்குச் சென்று, எந்தச் செயலிக்குக் கேமரா அனுமதி, எதற்கு மைக் அனுமதி என்று தனித்தனியாகப் பார்த்துத் தேவையற்றதை நீக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 12 முதலும் ஐஓஎஸ் 14 முதலும், கேமரா இயங்கும்போது திரையின் மேல் ஓரத்தில் பச்சை அடையாளம் தோன்றும். நீங்களே கேமராவைப் பயன்படுத்தாதபோது அது தெரிந்தால் ஏதோ ஒரு செயலி பார்த்துக்கொண்டிருக்கலாம்.

மற்றபடி செய்ய வேண்டியவை சலிப்பூட்டும் வழக்கமான வேலைகளே: இயங்குதளத்தையும் பிரவுசரையும் அவ்வப்போது புதுப்பிப்பது, கிராக் மென்பொருளைத் தவிர்ப்பது, எதிர்பாராத இணைப்பைத் திறக்கும் முன் அனுப்பியவரிடம் ஒரு வார்த்தை கேட்பது.

பொய் மிரட்டலும் தானே திறக்கும் கதவும்

உண்மையான கேமரா ஊடுருவலைவிட, ஊடுருவியதாகப் பொய் சொல்லும் மின்னஞ்சலே பொதுமக்களை அதிகம் எட்டுகிறது. ‘ஆபாசப் படம் பார்த்தபோது உன்னை வெப்கேமில் பதிவு செய்துவிட்டேன், பிட்காயின் அனுப்பு’ என்ற வகை மிரட்டல் 2018 முதல் உலகெங்கும் சுற்றுகிறது. நம்பவைப்பதற்காகப் பெறுநரின் பழைய கடவுச்சொல்லையும் எழுதியிருப்பார்கள். அது எப்போதோ கசிந்த ஒரு இணையதளத் தரவிலிருந்து எடுத்தது. பணம் அனுப்பாமல், அந்தக் கடவுச்சொல்லை இன்னும் எங்காவது பயன்படுத்தினால் மாற்றிவிட்டு, அஞ்சலை ஒதுக்கிவிடலாம்.

‘டிஜிட்டல் அரெஸ்ட்’ மோசடியில் கேமராவை யாரும் திருடுவதில்லை. வீடியோ அழைப்பில் காவல் அதிகாரி வேடத்தில் வருபவன் கேமராவை அணைக்கக் கூடாது என்று மிரட்ட, பாதிக்கப்பட்டவர் தாமே மணிக்கணக்கில் திறந்துவைக்கிறார். இந்தியச் சட்டத்தில் அப்படியொரு கைது கிடையாது. பழுது பார்ப்பதாகச் சொல்லி, தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் போன்ற செயலியை நிறுவச் சொல்பவர்களும் அதே இனம்தான்.

வீட்டுக்கும் கடைக்கும் வைக்கும் கண்காணிப்புக் கேமராக்களுக்கும் இதே கதைதான். குஜராத்தின் ராஜ்கோட்டில் மகப்பேறு மருத்துவமனை ஒன்றில் பெண்களைப் பரிசோதிக்கும் காட்சிகள் திருடப்பட்டு டெலிகிராமில் விற்கப்பட்டது 2025 பிப்ரவரியில் தெரியவந்தது. கேமராவோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுவதும், பரிசோதனை அறையில் கேமராவே வைக்காமலிருப்பதும்தான் இதற்குத் தீர்வு.

சட்டமும் புகாரும்

பிறர் கணினியில் நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு அனுமதியின்றி நுழைவது, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43, 66 பிரிவுகளின்படி மூன்றாண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் பெறத்தக்க குற்றம். அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படமெடுப்பதும் பரப்புவதும் 66இ பிரிவில் வருகிறது. பெண்ணை மறைந்திருந்து படம் பிடிப்பது 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவில் உள்ளது. பாதிக்கப்பட்டவர் ஆணாக இருந்தால் அந்தப் பிரிவு பொருந்தாது. இது சட்டத்திலுள்ள குறை என்றே சொல்ல வேண்டும்.

பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். மற்றவற்றைத் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்திலோ தெரிவிக்கலாம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் இணையத்தில் பதிவு செய்யலாம். ஊடுருவல் சந்தேகம் வந்தால் முதலில் இணையத்தைத் துண்டியுங்கள், மிரட்டல் செய்திகளைப் படமெடுத்து வையுங்கள். பதற்றத்தில் கணினியை ஃபார்மட் செய்துவிட்டுப் புகார் கொடுக்கப் போகாதீர்கள். தடயம் அதில்தான் இருக்கிறது.