வேட்டைக்காரர்கள் தொடங்கிய சங்கம்

திருச்சுழியில் வேங்கடராமன், பின்னாளின் ரமண மகரிஷி, பிறந்தது 1879 டிசம்பர் 30. அதே ஆண்டில்தான் சென்னை மாகாண அரசு நீலகிரிக்கென்று தனியாக ஒரு வேட்டைச் சட்டம் கொண்டுவந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் அந்த மலைக் கதை நம் கரிசல் சீமைக்கு அந்நியமில்லை. திருச்சுழியைத் தொட்டுப் போகும் குண்டாறு பிறப்பது மேற்கே, நீலகிரி சேர்ந்த அதே மேற்குத் தொடர்ச்சி மலையின் வருசநாட்டுச் சரிவில். அங்கே காடும் புல்லும் மழையைப் பிடித்து வைத்தால்தான் இங்கே கண்மாய்க்கு வழி.

அந்த வேட்டைச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தது 1877இல் ஊட்டியில் தொடங்கிய நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சங்கம். அதிகாரிகளும் தோட்டத் துரைமார்களும் சேர்ந்தது; சுடுவதற்கு விலங்கு மிஞ்சவேண்டும் என்பதே அவர்கள் கவலை. வரையாட்டில் முதுகு வெளுத்த முதிர்ந்த கடாவை மட்டும், உரிமம் வாங்கிச் சுடலாம், பெட்டையைத் தொடக்கூடாது. அந்த விதியால் வரையாடு பிழைத்தது. உரிமம் இல்லாத மலைவாசியின் வேட்டையோ குற்றமானது. அந்த அநீதியை விட்டுவிட்டு இச்சங்கத்தின் வரலாற்றைச் சொல்வது நேர்மையாகாது.

சங்கத்தை வேட்டையிலிருந்து பாதுகாப்பின் பக்கம் உண்மையில் மாற்றியவர்களில் முதலில் சொல்லவேண்டியவர் குன்னூர் வழக்கறிஞர் ஈ.ஆர்.சி. தாவீதார். அவரும் வேட்டைக்காரர்தான். துப்பாக்கியை விட்டவர், 1963இல் நீலகிரியின் மேற்கு விளிம்பில் வரையாடுகளை எண்ணினார்: சுமார் 400. பாறை விளிம்பில் நிற்கும் விலங்கு. மூடுபனி இறங்கினால் கண்ணெதிரே இருப்பதும் தெரியாது. காத்திருந்துதான் எண்ணவேண்டும். 1975 முதல் மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகத் தேடி, மொத்தம் சுமார் 2,200 என்று கணித்தார். வரையாட்டைக் காப்பதற்கான பின்னாள் முயற்சிகளுக்கு இந்தக் கணக்கு ஓர் அடித்தளம்.

2023இல் தமிழ்நாடு அரசு வரையாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அக்டோபர் 7 தாவீதார் நினைவாக வரையாடு நாள். 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் தெரியவந்தன.

வரையாடு வாழும் மலை நம் விருதுநகர் மாவட்டத்திலும் இருக்கிறது. 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் அது. அருப்புக்கோட்டைப் பள்ளிகளின் பசுமைப் படைப் பிள்ளைகளை வனத்துறையின் அனுமதியோடு ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்த அடிவாரத்துக்கு அழைத்துப் போங்கள். அப்படியே சாப்டூரிலும் நிறுத்தி, குண்டாறு வரும் திசையைக் காட்டுங்கள்.

(தொடரும்)