டிரம்முக்கு எத்தனை மைக் வேண்டும்? ஒரு வரலாற்று வாத்தியாரின் பதில்



போன வாரம் என் பழைய மாணவன் ஒருவனிடமிருந்து வாட்ஸ்அப் செய்தி. "ஐயா, பையன் டிரம்ஸ் வாசிக்கிறான். கல்யாண மேடைகளுக்கும் போறான், வீட்ல ரெக்கார்டிங்கும் பண்றான். ஏழு மைக் உள்ள ஒரு செட் வேணும்ங்கறான். வீட்டம்மா வளையலை அடகு வெச்சு வாங்கிக் கொடுக்கலாமான்னு யோசிக்கிறேன். நீங்க என்ன சொல்றீங்க?"

அவனுக்கே இப்போது 53 வயது. "அவன்" என்று எழுதுகிறேனே என்று யாரும் கோபிக்க வேண்டாம். எனக்கு அவன் இன்னும் எட்டாம் வகுப்புதான். அவனிடம் அனுமதி கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். மைக் பற்றி என்னிடம் கேட்க அவனுக்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் வரலாறு. வேறென்ன தெரியும் எனக்கு!

நம் ஊரில் மைக் செட் என்றால் தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர்தான் நினைவுக்கு வரும். ஆரம்பகால இசைப்பதிவிலும் அதே மாதிரி ஒரு குழாய் இருந்தது. ஆனால் வேலை தலைகீழ். நம் குழாய் ஒலியை வெளியே கொட்டும். அந்தக் குழாய் ஒலியை உள்ளே வாங்கும். வாங்கிய ஒலி ஒரு மெல்லிய தகட்டை அதிரவைக்கும், தகட்டோடு சேர்ந்த ஊசி மெழுகுத் தட்டில் கோடு கீறும். மின்சார மைக் கிடையாது, வால்யூம் கூட்டிக் குறைக்கும் குமிழும் கிடையாது. யாருடைய ஒலியைக் குறைக்க வேண்டுமோ அவரைத் தள்ளி நிறுத்துவார்கள். அவ்வளவுதான்.

1923 ஏப்ரலில் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து ரிச்மண்ட் நகரில், ஜெனட் கம்பெனி ஸ்டுடியோவில் கிங் ஆலிவரின் ஜாஸ் குழு பதிவு செய்தது. இளைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ஊதல் அத்தனை பலம் என்பதால் அவரை மற்றவர்களுக்கு வெகுதூரம் பின்னால் நிறுத்தினார்கள் என்று உடன் பியானோ வாசித்த லில் ஹார்டின் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். டிரம் வாசித்த பேபி டாட்ஸின் நிலை இன்னும் மோசம். பெரிய டிரம்மை அடித்தால் ஊசி கோட்டைவிட்டுத் துள்ளிவிடும். அதனால் பெரும்பாலும் மரக்கட்டையைத் தட்டித்தான் தாளம் கொடுத்தார். ஜாஸ் வரலாற்றின் மாபெரும் டிரம் கலைஞர்களில் ஒருவர் அவர். அந்தத் தட்டுகளைக் கேட்பவர்களுக்கு அவர் கட்டை தட்டியதுதான் கேட்கும்.

1925-இல் மின்சாரப் பதிவு வந்தது. ஒலியை மின்சாரமாக மாற்றும் மைக், அதைப் பெருக்கும் கருவி, அதன் பிறகே ஊசி. 1927 டிசம்பரில் சிகாகோவில் ஜீன் க்ரூப்பா பேஸ் டிரம்மும் சேர்த்து வாசித்தது, முழு டிரம் செட்டும் கேட்கும் ஆரம்பகாலப் பதிவுகளில் ஒன்று என்பார்கள்.

ஆனாலும் வெகுகாலம் டிரம்முக்கென்று தனி மரியாதை கிடையாது. முழுக் குழுவுக்கும் ஒன்றிரண்டு மைக். டிரம்முக்கு ஒன்று வைத்தாலே பெரிய விஷயம். லண்டன் இஎம்ஐ ஸ்டுடியோவில், பேஸ் டிரம்முக்கு மைக்கை இவ்வளவுக்கு மேல் நெருக்கி வைக்கக் கூடாது என்று விதியே இருந்தது. காற்றழுத்தத்தில் மைக் கெட்டுவிடும் என்ற பயம்.

அந்த விதியை 1966 ஏப்ரலில் மீறியவர் ஜெஃப் எமெரிக். வயது 20. பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் வாசித்த பேஸ் டிரம்முக்குள் ஒரு கம்பளிச் சட்டையைத் திணித்தார். அதிர்வு இழுபடாமல் அடங்கியது. பிறகு மைக்கை மிக அருகில் கொண்டுபோனார். 'ரிவால்வர்' தட்டில் கேட்கும் அந்தக் கெட்டியான அடி அப்படி வந்ததுதான். புது மைக் எதுவும் வாங்கவில்லை. இருந்த மைக்கோடு ஒரு கம்பளிச் சட்டை, அவ்வளவுதான்.

அடுத்து 1968, அதே லண்டன், ஒலிம்பிக் ஸ்டுடியோ. லெட் ஸெப்லின் குழுவின் முதல் தட்டு. பொறியாளர் கிளின் ஜான்ஸ் டிரம்முக்கு மேலே ஒரு மைக், பக்கவாட்டில் தரை டாம் அருகே ஒன்று, பேஸ் டிரம்முக்கு ஒன்று வைத்திருந்தார். ஸ்டீரியோவில் பக்கவாட்டு மைக் தற்செயலாக ஒரு பக்கமாகப் போய்விட, டிரம் முழுவதும் அகன்று கேட்டது. அதையே முறையாக்கிக்கொண்டார். இன்றும் 'கிளின் ஜான்ஸ் முறை' என்றுதான் அதற்குப் பெயர்.

அதில் ஒரு சூட்சுமம் உண்டு. மேல் மைக்கும் பக்க மைக்கும் ஸ்னேர் டிரம்மின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அதாவது ஆயிரத்தில் ஒரு நொடிக்கு 34 சென்டிமீட்டர். ஒரு மைக் சற்றுத் தள்ளியிருந்தால் அதே அடி அங்கே தாமதமாகச் சேரும். ஓர் அலை ஏறும்போது மற்றது இறங்கினால் ஒன்றை ஒன்று தின்றுவிடும்; ஸ்னேரின் உடம்பு காணாமல் போகும். இதைச் சரிசெய்ய ஒரு கயிறு போதும். ஸ்னேரின் நடுவிலிருந்து இரண்டு மைக்குக்கும் இழுத்து அளந்தால் தீர்ந்தது.

1971-இல் வெளிவந்த அவர்களுடைய நான்காவது தட்டில் இன்னும் ஆச்சரியம். இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய ஏழைகள் விடுதி. அதன் மாடிப்படிக் கூடத்தில் ஜான் பானமை உட்காரவைத்து, மேலே படிக்கட்டிலிருந்து இரண்டே மைக்குகளைத் தொங்கவிட்டார் கிளினின் தம்பி ஆண்டி ஜான்ஸ். பேஸ் டிரம்முக்கென்று தனி மைக் கூட இல்லை. உலகம் முழுக்க இன்றும் காப்பியடிக்கும் டிரம் ஒலி அது. அந்தக் கூடமும் ஒரு வாத்தியமாகிவிட்டது.

அப்படியானால் ஏழு மைக் எங்கிருந்து வந்தது? 70-களில் 16 தடம், 24 தடம் என்று பதிவுக் கருவிகள் வளர்ந்தன. ஒவ்வொரு டிரம்மையும் தனியாகப் பிடித்து, பிறகு கூட்டிக் குறைக்கலாம் என்றானது. மேடையிலும் தேவை இருந்தது. தள்ளி வைத்த மைக் ஸ்பீக்கர் ஒலியையே திரும்ப வாங்கி ஊளையிடும். நெருக்கி வைத்தால் அந்தத் தொல்லை குறையும். அந்தத் தேவைதான் இன்று பெட்டியில் வரும் செட்: பேஸ் டிரம்முக்கு 1, ஸ்னேருக்கும் டாம்களுக்கும் 4, மேலே சிம்பலுக்கு 2.

இனி என் மாணவனுக்கு.

தம்பி, கல்யாண மேடைக்கு ஒலிபெருக்கிக்காரர் பெரும்பாலும் மைக் கொண்டுவருவார். முதலில் அதைக் கேட்டுக்கொள். வீட்டில் உள்ள கருவியில் எத்தனை மைக் சொருக இடம் என்று பார். இரண்டுதான் என்றால் ஏழு மைக் வாங்கி ஐந்தைப் பெட்டியில் தூங்கவைப்பாய். பேஸ் டிரம்முக்கென்றே செய்த டைனமிக் மைக் ஒன்று. ஸ்னேருக்கு எந்த அடியும் தாங்கும் சாதாரண டைனமிக் ஒன்று. ஷூர் கம்பெனியின் எஸ்எம்57 1965-இல் வந்தது, இன்றும் அதே வேலைக்கு விற்கிறது. கையில் காசு சேர்ந்ததும் மேலே வைக்கக் கண்டென்சர் இரண்டு. அதற்கு மிக்ஸரில் 48 வோல்ட் வசதி வேண்டும். நல்ல ஸ்டாண்டுக்கும் பணம் ஒதுக்கு. ஓர் அளவுகயிறு. ஒரு பழைய போர்வை. வளையல் கையிலேயே இருக்கட்டும்.

இப்போது அந்தக் காரணம்.

1984. எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்காகப் பிள்ளைகளின் பாட்டையும் பேண்டையும் கேசட்டில் பதியும் பொறுப்பு என்னுடையது. ஒரே ஒரு டேப் ரெக்கார்டர், அதிலேயே உள்ள மைக். பெரிய டிரம் இவன் கையில். ஒவ்வொரு அடிக்கும் பாட்டு அமுங்கிப்போனது. சத்தம் அதிகமானால் கருவி தானாகவே எல்லாவற்றையும் தாழ்த்திவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அவனை வராண்டாவில் நிறுத்தினேன். பிறகு வேப்பமரத்தடியில். கடைசியில், "நீ அடிக்க வேண்டாம்ப்பா, சும்மா நில்லு" என்றேன். நின்றான்.

விழா முடிந்து அவன் அப்பா வேலையை விட்டுவிட்டு வந்து கேசட்டைப் போடச் சொல்லிக் கேட்டார். இரண்டு முறை கேட்டுவிட்டு, "எம்புள்ள அடிச்சது எதுங்கய்யா?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஒரு போர்வையை டிரம்மின் மேல் போட்டிருந்தால் போதும். 18 வருடங்களுக்கு முன்பே லண்டனில் ஒரு பையனுக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை. கஷ்டம் கருவியில் இருந்தது. அதை நான் பிள்ளையின் தலையில் கட்டினேன்.

இதைப் போனில் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் போகட்டும் ஐயா, அதனாலதான் பையனுக்கு மைக் வாங்கணும்னு பிடிவாதமா இருக்கேன்" என்றான்.

நேற்று அவன் பையன் ஒரு பதிவு அனுப்பினான். ஓர் இரவல் மைக், ஒரு செல்போன், பேஸ் டிரம்முக்குள் ஒரு போர்வை. அந்தப் பெரிய டிரம்மை மூன்று முறை கேட்டேன். தெளிவாகக் கேட்கிறது.

மைக், மேடை, பதிவு என்று தொழில் செய்யும் நம் பிள்ளைகள் பலர் இங்கே இருக்கிறீர்கள். அந்தப் பையனுக்கு உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். நான் எங்காவது தவறியிருந்தால் திருத்துங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஐயா